முழங்கால் துள்ளவில்லை என்றால் நரம்பு கெட்டுவிட்டதா?

நீங்கள் ஒரே கேள்வியாக எழுதியிருந்தாலும் அதற்குள் இரண்டு இருக்கின்றன. சூடான பாத்திரத்தில் விரல் பட்டதும் கை தானாக விலகிவிடுகிறது, வலி அப்புறம்தான் தெரிகிறது, அப்படியானால் முடிவெடுப்பது தண்டுவடம்தான், மூளைக்கு அதில் வேலையே இல்லை என்று எங்கோ படித்திருக்கிறீர்கள். அது சரியா என்பது முதல் கேள்வி. போன வாரம் பரிசோதனையில் டாக்டர் உங்கள் இரண்டு முழங்காலிலும் சுத்தியலால் தட்டினார், இரண்டு காலும் அசையவில்லை, அவரும் ஒன்றும் சொல்லவில்லை, உங்கள் நரம்பு மந்தமாகிவிட்டதா என்பது இரண்டாவது. முதல் கேள்வியில் ஆர்வம் தெரிகிறது, இரண்டாவதில் பயம். நீங்கள் கேட்க வந்ததே இரண்டாவதைத்தான் என்று நினைக்கிறேன். ஆனாலும் முதல் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். அது விளங்கினால்தான் இரண்டாவதற்கு நான் சொல்லப்போவது வெறும் ஆறுதல் வார்த்தையாகத் தெரியாது.

என்னைப் பற்றி ஒரு வரி. மருத்துவ மாணவர்களுக்கு இருபது வருடங்களுக்கும் மேலாக உடலியங்கியல் கற்றுக்கொடுக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் புதிதாக வரும் மாணவர்கள் ஒருவர் முழங்காலை ஒருவர் தட்டிப் பழகும்போது பக்கத்தில் நின்று திருத்துவது என் வேலை. நோயாளிகளைப் பார்க்கும் நரம்பியல் மருத்துவர் இல்லை நான். ஆகவே அனிச்சைச் செயல், அதாவது நாம் நினைக்காமலே உடல் தானாகச் செய்யும் ‘ரிஃப்ளெக்ஸ்’, எப்படி நடக்கிறது என்பதை உறுதியாகச் சொல்வேன். உங்கள் காலைத் தொட்டுப் பார்க்காமல் அதைப் பற்றிச் சொல்ல ஓர் எல்லை உண்டு. அந்த எல்லை வரும் இடத்தில் வந்துவிட்டது என்று சொல்லிவிடுகிறேன்.

சரி, சூடான பாத்திரம். தோலில் கிளைத்து நிற்கும் நரம்பு முனைகளில் வெப்பத்தை உணர்வதற்கென்று ஒரு புரத வாயில் இருக்கிறது. ஏறத்தாழ 43 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது அது திறந்துகொள்கிறது. மிளகாயின் காரம் பட்டாலும் திறப்பது இதே வாயில்தான். காரத்தை நாம் ‘எரிகிறது’ என்று சொல்வது உவமை இல்லை, நரம்பைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே செய்தி. டேவிட் ஜூலியஸ் தன் குழுவோடு 1997இல் இதைக் கண்டறிந்தார். 2021இல் அவருக்கும் ஆர்டெம் படாபூட்டியனுக்கும் மருத்துவ நோபல் கிடைத்தது. வாயில் திறந்ததும் மின்னதிர்வு புறப்படுகிறது. அது போவதற்கு இரண்டு வகை இழைகள் இருக்கின்றன. மெல்லிய கொழுப்புறை சுற்றிய ‘ஏ டெல்டா’ இழைகள் நொடிக்கு 5 முதல் 30 மீட்டர் வரை கடத்தும். உறை இல்லாத ‘சி’ இழைகள் நொடிக்கு அரை மீட்டர் முதல் 2 மீட்டர் வரைதான். நாம் நடக்கிற வேகம். விரல் நுனியிலிருந்து கழுத்துப் பகுதித் தண்டுவடம் வரை ஒரு மீட்டர் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். நொடிக்கு 15 மீட்டர் போகும் இழையில் செய்தி 70 மில்லி வினாடிக்குள் சேர்ந்துவிடும். ‘சி’ இழையில் ஒரு முழு நொடி ஆகும். சுட்டுக்கொண்ட யாருக்கும் இது தெரிந்த அனுபவம்தான்: முதலில் சுரீரென்று ஒரு குத்தல், சற்றுப் பொறுத்து மெல்லப் பரவி நிற்கும் எரிச்சல். ஒரே காயம், இரண்டு வேகத்தில் வந்து சேர்கிறது.

தண்டுவடத்துக்குள் நுழைந்த செய்தி அங்கே கிளை பிரிகிறது. ஒரு கிளை, இடையில் இருக்கும் சிறு நியூரான்கள் (நரம்பு செல்கள்) வழியாக, கையை மடக்கும் தசைகளைத் தூண்டுகிறது. கூடவே கையை நீட்டும் தசைகளை அடக்கிவைக்கிறது. எதிரெதிர்த் தசைகள் இரண்டும் ஒரே நேரத்தில் இழுத்தால் கை அசையாதல்லவா, அதற்காக. காலில் என்றால் இதில் இன்னொரு நுணுக்கம் சேரும். முள்ளை மிதித்த கால் மேலே வரும்போது மறுகால் விறைத்து நின்று உடல் பாரத்தைத் தாங்கிக்கொள்கிறது. அதற்கான ஏற்பாடும் தண்டுவடத்திலேயே இருக்கிறது. இன்னொரு கிளை மூளையை நோக்கி மேலேறுகிறது. பலர் தவறாகப் புரிந்துகொள்வது இந்த இடத்தைத்தான். செய்தி தண்டுவடத்தோடு நின்றுவிடுவதில்லை. இரண்டு கிளைகளும் ஒன்றாகவே புறப்படுகின்றன. ஒன்றுக்குப் பாதை குறுகியது, மற்றதற்கு நீளம். மூளைக்குப் போய், அங்கே பல இடங்களில் அலசப்பட்டு, ‘வலிக்கிறது’ என்று நமக்குத் தோன்றுவதற்குள் கை விலகியிருக்கும். வலி உண்மையிலேயே கை எடுத்த பிறகுதான் தோன்றுகிறதா, எத்தனை மில்லி வினாடி கழித்து என்று கேட்டால், அங்கே என் உறுதி குறைகிறது. நரம்பில் செய்தி ஓடும் நேரத்தை அளக்கலாம். உணர்வு தோன்றும் கணத்தை அளக்க, அதை உணர்ந்தவர் சொல்வதைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. அந்தச் சொல் துல்லியமான கடிகாரம் இல்லை. ஆய்வாளர்களிடையே இது இன்றைக்கும் வாதத்தில் இருக்கும் விஷயம்.

மூளை இல்லாமலே அனிச்சைச் செயல் நடக்கும் என்பது மட்டும் பழைய, உறுதியான உண்மை. ஸ்காட்லாந்து மருத்துவர் ராபர்ட் வைட் 1751இல் எழுதிய நூலில், தலை நீக்கிய தவளையின் காலைக் கிள்ளினால் கால் விலகுகிறது, தண்டுவடத்தையும் அழித்துவிட்டால் அந்த அசைவு நின்றுவிடுகிறது என்று காட்டினார். ‘தண்டுவடமே முடிவெடுக்கிறது’ என்ற வாசகம் பிறந்தது இப்படிப்பட்ட சோதனைகளிலிருந்துதான். அந்த அளவில் அது உண்மை.

ஆனால் மூளை இல்லாமலும் நடக்கும் என்பதிலிருந்து, மூளை இருக்கும்போது அதற்கு வேலையில்லை என்று முடிவுகட்ட முடியாது. உங்கள் அனுபவத்திலேயே இதற்குச் சான்று கிடைக்கும். கொதிக்கும் தண்ணீர் நிரம்பிய பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போகிறீர்கள், பாதி வழியில் துணி விலகி விரல் சுடுகிறது, காலடியில் ஒரு குழந்தை உட்கார்ந்திருக்கிறது. பாத்திரத்தை விட்டுவிடுவீர்களா? பல்லைக் கடித்துக்கொண்டு கீழே வைக்கிற வரை தாங்குவீர்கள். விரலிலிருந்து அதே செய்திதான் அதே தண்டுவடத்துக்கு வந்தது. விளைவு மட்டும் மாறிவிட்டது, ஏனென்றால் மூளை மேலிருந்து அந்தச் சுற்றை முன்னதாகவே அடக்கிவைத்திருந்தது. குதிரை தானாக ஓடத் தெரிந்ததுதான். ஆனால் அதன் வாயில் எப்போதும் ஒரு கடிவாளம் இருக்கிறது. அது சில நேரம் இறுகியும் சில நேரம் தளர்ந்தும் இருக்கும்.

கடிவாளம் எவ்வளவு பெரிய விஷயம் என்பது அது அறுந்தால்தான் தெரிகிறது. விபத்தில் தண்டுவடம் முழுமையாகச் சேதமடைந்தவருக்கு, சேதத்துக்குக் கீழே உள்ள அனிச்சைச் செயல்கள் உடனே ஓங்கி எழும் என்றுதான் எதிர்பார்ப்போம். நடப்பது நேர்மாறு. எல்லாம் அடங்கிவிடுகின்றன. தசைகள் துவண்டு போகின்றன, தட்டினால் கால் அசைவதில்லை. தண்டுவட அதிர்ச்சி என்று இதைச் சொல்வார்கள். தவளைக்கு இந்த நிலை சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். மனிதருக்கு வாரக்கணக்கில் நீடிக்கும். பிறகு அனிச்சைச் செயல்கள் திரும்பி வருகின்றன, இந்த முறை அளவுக்கு மீறி. லேசாகத் தொட்டாலே கால் வெட்டி இழுக்கிறது. இதிலிருந்து இரண்டு விஷயங்கள் தெரிகின்றன. நம் தண்டுவடம் மூளையிலிருந்து ஓயாமல் வரும் ஊக்கத்தை நம்பியே விழித்திருக்கிறது; அதோடு மூளை அதை ஓயாமல் அடக்கியும் வைக்கிறது. வகுப்பில் இதைச் சொல்லும்போது ஒவ்வோர் ஆண்டும் மாணவர்கள் அமைதியாகிவிடுவார்கள். அனிச்சைச் செயல் என்ற பாடம் எவ்வளவு பெரியது என்று அவர்களுக்கு உறைப்பது அந்த இடத்தில்தான்.

இனி முழங்கால். முழங்காற்சில்லுக்குச் சற்றுக் கீழே இருக்கும் தசைநாரைத் தட்டும்போது வலியோ தொடு உணர்வோ காலைத் துள்ள வைப்பதில்லை. தட்டு அந்த நாரை ஒரு கணம் உள்ளே அழுத்துகிறது. அதனால் முன்தொடைத் தசை ஒரு துளி நீள்கிறது. தசைக்குள் கதிர் வடிவில் சிறு உணர்விகள் இருக்கின்றன, தசை எவ்வளவு நீண்டது, எவ்வளவு வேகமாக நீண்டது என்று கணக்கு வைத்திருப்பது அவற்றின் வேலை. அவை அனுப்பும் செய்தி, உடலிலேயே மிகத் தடித்த, மிக வேகமான நரம்பிழைகளில் போகிறது. இடுப்புப் பகுதியில் தண்டுவடத்தோடு இணையும் இரண்டாவது முதல் நான்காவது வரையான நரம்புகளே இதன் பாதை. அங்கே அது வேறு எந்த நியூரானையும் இடையில் நிறுத்தாமல் அதே தசையின் இயக்க நரம்பை நேரடியாகத் தொடுகிறது. ஒரே ஒரு சந்திப்பு, அதைக் கடக்க ஒரு மில்லி வினாடி கூட ஆவதில்லை. சுத்தியல் பட்டதிலிருந்து தசையில் மின்னதிர்வு தோன்றுவதற்குச் சுமார் 20 மில்லி வினாடிதான் ஆகிறது. அதாவது நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு.

இந்த வேகம் ஒரு காலத்தில் பெரிய சர்ச்சையையே கிளப்பியது. முழங்கால் துள்ளலை 1875இல் ஜெர்மனியில் வில்ஹெல்ம் எர்ப், கார்ல் வெஸ்ட்பால் இருவரும் தனித்தனியாக, ஒரே மருத்துவ இதழில் விவரித்தார்கள். எர்ப் அதை அனிச்சைச் செயல் என்றார். வெஸ்ட்பால் மறுத்தார், தசை தட்டுக்கு நேரடியாகத் துடிக்கிறது, நரம்புச் சுற்று எதுவும் இல்லை என்பது அவர் கருத்து. தண்டுவடம் வரை போய்த் திரும்ப நேரமே இல்லையே என்று அவர் பக்கம் நின்றவர்கள் நெடுநாள் வாதாடினார்கள். தண்டுவடத்துக்குள் நுழையும் உணர்வு நரம்பை வெட்டினால் துள்ளல் நின்றுவிடுகிறது என்று சோதனைகள் காட்டியபோது எர்ப் சொன்னதே சரி என்றானது. இடையில் ஒரே சந்திப்புதான் என்பதை டேவிட் லாய்ட் 1943இல் நிறுவினார். ஆனால் நோயாளிகளைப் பார்த்த விதத்தில் வெஸ்ட்பாலுக்குப் பெரிய பெருமை உண்டு. சிபிலிஸ் முற்றித் தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்களுக்கு இந்தத் துள்ளல் இல்லாமல் போவதைக் கவனித்துச் சொன்னவர் அவர். உடலைத் திறக்காமலேயே தண்டுவடத்தின் நலத்தை அறியலாம் என்ற எண்ணம் மருத்துவத்தில் வேரூன்ற அது உதவியது. உங்கள் டாக்டர் கையில் இருந்த சுத்தியலுக்கு அங்கிருந்து ஒரு நேர்கோடு போடலாம்.

அப்படியானால் அந்தத் துள்ளலில் டாக்டர் தேடுவது என்ன? உங்கள் வேகத்தை அவர் அளக்கவில்லை. 20 மில்லி வினாடியை வெறுங்கண்ணால் யாராலும் அளக்க முடியாது. சுற்று முழுமையாக இருக்கிறதா, கடிவாளம் எந்த அளவில் பிடிக்கப்பட்டிருக்கிறது என்ற இரண்டைத்தான் அவர் பார்க்கிறார். உணர்வு நரம்பிலோ தண்டுவடத்தின் அந்தப் பகுதியிலோ இயக்க நரம்பிலோ தசையிலோ கோளாறு என்றால் துள்ளல் குறையும், இல்லாமல் போகும். மூளையிலிருந்து கீழிறங்கும் பாதையில் கோளாறு என்றால் துள்ளல் மிகும். பூஜ்யம் முதல் நான்கு வரை மதிப்பெண் போட்டு எழுதுவார்கள். இரண்டு என்பது வழக்கமான அளவு. அந்த எண்ணை விட அவர்களுக்கு முக்கியம் இடமும் வலமும் ஒன்று போல இருக்கிறதா என்பது. கையும் காலும் ஒத்துப்போகிறதா என்பது அதற்கு அடுத்தது. முட்டி துள்ளுகிறது, குதிகாலுக்கு மேல் தட்டினால் ஒரு பக்கம் மட்டும் அசைவில்லை என்றால், அந்தப் பக்கத்துத் திருவெலும்புப் பகுதியின் (முதுகெலும்பின் அடிப்பகுதி) முதல் நரம்பு முதுகில் எங்காவது நசுங்குகிறதா என்று சந்தேகம் வரும். நெடுநாள் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் குதிகால் துள்ளல்தான் முதலில் மங்கும். மிக நீளமான நரம்புகளை அந்த நோய் முதலில் தாக்குவதே காரணம். தைராய்டு குறைந்தவர்களுக்கு இன்னொரு விதமாக இருக்கும். துள்ளல் வரும், ஆனால் தசை தளர்ந்து பழைய நிலைக்குத் திரும்பச் சோம்பும். பழகிய கண்ணுக்கு அது உடனே தெரியும். மாணவர்களுக்குக் காட்டிக்கொடுக்க எனக்கு மிகப் பிடித்த அடையாளம் அது, ஏனென்றால் எவ்வளவு துள்ளுகிறது என்பதையே பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அதற்குப் பிறகு எப்படித் துள்ளுகிறது என்று பார்க்கத் தொடங்குகிறார்கள்.

பாதத்தின் அடியைக் கீறிப் பார்ப்பதும் இதே தேடல்தான். பெரியவர்களுக்குக் கட்டைவிரல் கீழ்நோக்கி வளையும். மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் பெரும்பாதை பழுதானால் மேல்நோக்கி எழும். பாரிஸில் ஜோசப் பாபின்ஸ்கி 1896இல் இதை விளக்கினார். பச்சைக் குழந்தைக்கு விரல் மேலே எழுவது இயல்பு. அந்தப் பாதைக்குக் கொழுப்புறை முழுமையாகச் சுற்றி முடிக்க ஒன்று, ஒன்றரை வருடம் ஆகிறது, சில குழந்தைகளுக்கு இரண்டு வருடம். கடிவாளம் இன்னும் மாட்டப்படவில்லை, அவ்வளவுதான்.

‘மந்தமாகிவிட்டது’ என்று நீங்கள் எழுதிய சொல்லுக்கு வருகிறேன். வேகமாக எதிர்வினை காட்டுபவரை ‘ரிஃப்ளெக்ஸ் பிரமாதம்’ என்று புகழ்கிறோம். பேச்சுக்கு அது சரி. ஆனால் துப்பாக்கிச் சத்தம் கேட்டதும் ஓட்டக்காரர் பாய்வது அனிச்சைச் செயல் இல்லை. காது, மூளை, முடிவு, தசை என்று நீளமான பாதை அது, பயிற்சியால் மெருகேறியது. சத்தத்துக்குப் பிறகு 100 மில்லி வினாடிக்குள் ஒருவர் கிளம்பினால் தவறான தொடக்கம் என்று உலகத் தடகள விதி சொல்கிறது, அதை விடச் சீக்கிரம் கேட்டுக் கிளம்ப முடியாது என்ற கணக்கில். கண்ணால் பார்த்துப் பொத்தானை அழுத்த நம்மில் பெரும்பாலோருக்கு 200 முதல் 250 மில்லி வினாடி தேவை. முழங்கால் துள்ளல் பெரிதாக இருப்பவர் இதில் வேகமாக இருப்பார் என்று எதுவும் இல்லை. அனிச்சைச் செயல் என்றாலே வேகம் என்பதும் சரியில்லை. கண்ணில் வெளிச்சம் அடித்தால் கண்பாவை சுருங்குவது அசல் அனிச்சைச் செயல், மூளைத்தண்டில் நடப்பது. அது தொடங்கவே 200 மில்லி வினாடிக்கு மேல் ஆகிறது. சுருங்கும் தசை மெதுவான வகை என்பது அதற்கு முக்கியக் காரணம். ஒரு கண்ணில் அடித்தால் மறு கண்ணும் சேர்ந்து சுருங்கும் என்பதைக் கண்ணாடியில் நீங்களே பார்க்கலாம்.

வேகமான ஒன்றையும் வீட்டிலேயே பார்த்துவிடலாம். இந்தப் பதிலைக் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு படியுங்கள். தலையை அசைக்காமல் போனை மட்டும் இடவலமாக வேகமாக ஆட்டினால் எழுத்துக்கள் குழம்பிவிடும். இப்போது போனை அசையாமல் பிடித்துக்கொண்டு, அதே வேகத்தில் தலையை ஆட்டிப் படியுங்கள். படிக்க முடிகிறது, இல்லையா? உள்காதில் இருக்கும் சமநிலை உறுப்பு தலையின் திருப்பத்தை அறிந்ததும், மூன்றே நியூரான்கள் கொண்ட சங்கிலி வழியாக, கண்ணை எதிர்த்திசையில் சரியாக அதே அளவு திருப்பிவிடுகிறது. அதற்குச் சுமார் 10 மில்லி வினாடி போதும். இதிலும் கடிவாளம் உண்டு. கண்ணாடியின் பவரை மாற்றிய முதல் சில நாட்கள் தலை கிறுகிறுப்பது ஏன் என்றால், எவ்வளவு திருப்ப வேண்டும் என்ற பழைய கணக்கு இப்போது பொருந்துவதில்லை. சிறுமூளை அந்தக் கணக்கை மெல்லத் திருத்தி எழுதுகிறது. அனிச்சைச் செயல் கற்றுக்கொள்கிறது என்று சொன்னால் விசித்திரமாக இருக்கும், ஆனால் நடப்பது அதுதான்.

இந்தக் கற்றலுக்கு எல்லை எங்கே என்பதை ஆய்வாளர்கள் நெடுங்காலமாகத் தேடி வருகிறார்கள். பீட்டர் ஹாமண்ட் 1956இல் செய்த சோதனையை நான் எப்போதும் எடுத்துச் சொல்வேன். ஒருவருடைய மடக்கிய கையைத் திடீரென்று இழுத்தார். ‘எதிர்த்துப் பிடி’ என்று முன்னதாகச் சொல்லியிருந்தாலும், ‘விட்டுவிடு’ என்று சொல்லியிருந்தாலும், தசையில் வரும் முதல் அதிர்வு மாறவில்லை. அதற்குச் சற்றுப் பின்னால் வரும் அதிர்வு மாறியது. வேண்டுமென்றே யோசித்துச் செய்ததென்று சொல்ல முடியாத அளவுக்கு அதுவும் சீக்கிரமாகவே வந்தது. முதல் அதிர்வு தண்டுவடத்தில் திரும்புவது. அடுத்தது, குறைந்தது கையின் தசைகளிலாவது, பெருமூளை வரை போய்த் திரும்புகிறது என்பதற்கு இப்போது வலுவான சான்றுகள் இருக்கின்றன. ஆக, அனிச்சைக்கும் விருப்பச் செயலுக்கும் நடுவே நாம் பள்ளியில் போட்ட கோடு ஒரு கோடு இல்லை, ஒரு சரிவு. முதல் அதிர்வு கூட என்றென்றைக்கும் மாறாததில்லை. ஜொனாதன் வோல்பாவின் ஆய்வுகளில் குரங்குகள், வெகுமதிக்காக, வாரக்கணக்கான பயிற்சியில் தங்கள் தண்டுவட அனிச்சைச் செயலைக் கூட்டவும் குறைக்கவும் பழகின. மனிதர்களாலும் அது முடியும் என்று பிறகு தெரிந்தது. பாலே நடனக் கலைஞர்களின் கெண்டைக்கால் தசையில் இதே வகை அனிச்சை மற்றவர்களை விடச் சிறிதாக இருப்பதையும் அளந்திருக்கிறார்கள். அளவு உறுதியானது. பயிற்சியால் அப்படி ஆனதா, இயல்பிலேயே அப்படி இருந்தவர்கள் அந்தக் கலையில் நிலைத்தார்களா என்பதை அந்த அளவு மட்டும் சொல்லிவிடாது.

இப்போது உங்கள் முழங்கால். கால் துள்ளாமல் போக மிகச் சாதாரணமான காரணம், காலைத் தளர விடாததுதான். என்ன ஆகுமோ என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்தால் தொடையின் பின்தசை நமக்குத் தெரியாமலே இறுகி நிற்கும். கால் தரையில் ஊன்றியிருந்தாலோ தட்டு ஒரு விரல்கடை மேலே கீழே விழுந்தாலோ கூட துள்ளல் வராது. என் மாணவர்களில் முதல் நாளில் நண்பனின் முழங்காலைத் துள்ள வைக்க முடியாதவர்களே அதிகம். அவர்களுடைய நண்பர்களுக்கு நரம்புக் கோளாறு எதுவும் இருப்பதில்லை. இன்னொன்று, கால் அசையாவிட்டாலும் தசை சுருங்கியிருக்கலாம். அதனால்தான் பழகிய மருத்துவர்கள் தட்டும்போது இன்னொரு கையை முன்தொடையின் மேல் வைத்திருப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத சுருக்கம் உள்ளங்கைக்குத் தெரியும். உங்கள் டாக்டர் ஒன்றும் சொல்லாததற்கு அதுவே காரணமாக இருந்திருக்கலாம்.

அப்படியும் வரவில்லை என்றால் ஒரு பழைய உத்தி இருக்கிறது. இரண்டு கை விரல்களையும் கொக்கி போல ஒன்றோடொன்று கோர்த்து, தட்டும் கணத்தில் பலமாக இழுக்கச் சொல்வார்கள், அல்லது பல்லைக் கடிக்கச் சொல்வார்கள். ஹங்கேரிய மருத்துவர் எர்னோ யெந்திராசிக் 1885இல் சொல்லிக்கொடுத்தது. அதுவரை அசையாத கால் சட்டென்று துள்ளும். முதல் முறை பார்க்கிற மாணவர்கள் வியந்துபோவார்கள். கையை இழுப்பதற்கும் முழங்காலுக்கும் என்ன தொடர்பு? கவனம் திசைமாறுவதால் கால் தளர்கிறது என்பது விளக்கத்தில் ஒரு பகுதி மட்டுமே. உடலில் ஓரிடத்தில் பலமாக முயலும்போது தண்டுவடம் முழுவதிலும் கடிவாளம் சற்றுத் தளர்கிறது என்பது உறுதி. அந்தத் தளர்வு தண்டுவடத்துக்குள் துல்லியமாக எந்தப் படியில் நடக்கிறது என்பதில் விளக்கங்கள் காலந்தோறும் மாறி வந்திருக்கின்றன; நான் மாணவனாகப் படித்த விளக்கத்தை இன்று யாரும் அப்படியே ஏற்பதில்லை.

இந்த உத்திக்கும் அசையாத கால்கள், எந்த நோயும் இல்லாதவர்களிடமும் உண்டு. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி குறைவாக இருந்து, தசை பலமும் தொடு உணர்வும் நன்றாக இருந்தால், பெரும்பாலும் அது அவருடைய உடலின் இயல்பு என்று குறித்து வைத்துக்கொள்வார்கள். வயது ஏறினால் குதிகால் துள்ளல் மங்குவதும் வழக்கமாகக் காண்பதே. நீங்கள் எழுதியிருப்பதில் இரண்டு காலும் ஒன்று போல இருந்தது என்பது எனக்கு நல்ல செய்தியாகப் படுகிறது. உங்கள் வயது, சர்க்கரை உண்டா, பாதத்தில் மரமரப்பு உண்டா என்பது எதுவும் எனக்குத் தெரியாது. நான் முதலில் சொன்ன எல்லை இதுதான். இதற்கு மேல் இங்கிருந்து சொல்வது சரியாகாது.

ஆனால் எப்போது தாமதிக்கக் கூடாது என்பதைச் சொல்லிவிடுகிறேன். பாதத்தில் தொடங்கிய பலவீனமோ கூச்சமோ சில நாட்களுக்குள் முழங்கால், தொடை என்று மேலேறினால், கூடவே துள்ளலும் இல்லை என்றால், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மூச்சுத் தசைகளை எட்டக்கூடிய ஒரு நரம்பு அழற்சி அப்படித்தான் தொடங்கும். முதுகு வலியோடு சிறுநீர் கழிக்க முடியாமல் போனாலோ, அடக்க முடியாமல் போனாலோ, உட்காரும் இடம் மரத்துப் போனாலோ அதுவும் அன்றைக்கே. புதிதாகக் கால் தடுக்குகிறது, ஒரு பக்கம் மட்டும் வித்தியாசமாக இருக்கிறது, இருட்டில் நடக்கத் தள்ளாடுகிறது என்றால் சில நாட்களுக்குள் காட்டுங்கள்.

இவை எதுவும் இல்லை என்றால் வீட்டில் எதையாவது எடுத்து முழங்காலில் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். துள்ளினாலும் துள்ளாவிட்டாலும் அதிலிருந்து உங்களுக்கு எதுவும் தெரியப்போவதில்லை, அடி இடம் மாறினால் வலிதான் மிஞ்சும். அடுத்த முறை அதே டாக்டரிடம் போகும்போது, ‘போன முறை என் கால் அசையவில்லை, விரலைக் கோர்த்து இழுத்துக்கொண்டே ஒருமுறை பார்க்க முடியுமா, குதிகாலிலும் தட்டிப் பார்க்கிறீர்களா’ என்று தயங்காமல் கேளுங்கள். இரண்டு நிமிட வேலை. கால் கட்டிலிலிருந்து தொங்கட்டும், கண் ஜன்னல் பக்கம் பார்க்கட்டும், தொடையை அவர் கையிடம் விட்டுவிடுங்கள்.